ஒகேனக்கல் பரிசல் பயணம்: நீர்வரத்தைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

திருச்சியில் வாழும் எங்களுக்குக் காவிரி என்றால் அகன்று கிடக்கும் மணலும், அதன் நடுவே ஒதுங்கி ஓடும் நீரும்தான். முசிறிப் பக்கத்தில் அதை அகண்ட காவிரி என்றே சொல்லுவோம். இதே ஆறு ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு நடுவே நெருக்குண்டு, பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது என்பதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த என் மாமியார், ஒரு முறையாவது அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆசைக்காகவே அத்தை, என் அம்மா, கணவர், தம்பி, இரண்டு பிள்ளைகள், நான் என ஏழு பேர் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு சென்று வந்தோம். வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்ல நினைக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், அங்கே கிடைத்த பரிசல் சவாரி, குளியல், மீன் சமையல் ஆகியவற்றைப் பற்றி நான் கண்டவாறு எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாங்கள் செய்த பெரிய தவறு அதில்தான் இருந்தது. ஆடி மாதம் பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து நாள் குறித்தோமே தவிர, ஆற்றைப் பார்த்துக் குறிக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை வலுத்துக் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், அது தமிழக, கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லுக்குத்தான் வந்து சேரும். வரத்து கூடியவுடன் மாவட்ட நிர்வாகம் அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதித்துவிடும். நாங்கள் புறப்படவிருந்த நாளுக்கு முந்தைய இரவு அப்படி ஒரு தடை வந்தது. வேனுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தில் பாதி போயிற்று, அத்தையின் முகமும் வாடிப்போயிற்று. இரண்டாவது முறை ஐப்பசியில் நாள் குறித்தபோது, பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீர்வரத்து பற்றிச் செய்தித்தாளில் நாள்தோறும் வரும் சிறு செய்தியை ஒரு வாரம் தொடர்ந்து படித்தோம். வரத்து விநாடிக்குச் சில ஆயிரம் கன அடி என்ற அளவில் நிலைத்திருப்பதையும், தடை ஏதும் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்ட பிறகுதான் கிளம்பினோம். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் யாரும் ஒகேனக்கல்லுக்குப் புறப்பட வேண்டாம் என்பதே இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதில் முதன்மையானது. தண்ணீர் மிகுந்தால் கதவு அடைபடும், மிகவும் குறைந்தால் அருவிகள் மெலிந்து பாறைதான் கண்ணில் படும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களே பரிசலுக்கு உகந்தவை.

திருச்சியிலிருந்து குணசீலம், முசிறி, நாமக்கல், சேலம், தர்மபுரி, பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் முசிறி வரைக்கும் காவிரி கூடவே வரும். சேலத்தைத் தாண்டித் தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது ஓட்டுநரை எந்த அவசரத்துக்கும் விரட்டாதீர்கள். சரக்கு லாரிகள் இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்து எத்தனையோ விபத்துகள் நடந்த இடம் அது, எங்கள் ஓட்டுநர் கீழ் கியரிலேயே பொறுமையாக ஏறியதற்கு நான் அங்கேயே நன்றி சொன்னேன்.

பென்னாகரத்தில் தேநீருக்காக நிறுத்தினோம். கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரைக் காட்டி, இது ஒகேனக்கல் தண்ணீர் என்று பெருமையாகச் சொன்னார். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்கள் கறைபட்டு, எலும்புகள் பாதிக்கப்பட்டு இரண்டு தலைமுறை மக்கள் அவதிப்பட்டதையும், 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் காவிரி நீர் இவ்வூர்களுக்கு வருவதையும் தம்பி பிள்ளைகளுக்கு விளக்கினான். அருவியைப் பார்க்கும் முன்பே அந்த நீரைக் குடித்துவிட்டோம் என்பதில் என் மகளுக்குத் தனி மகிழ்ச்சி.

பென்னாகரத்தைக் கடந்தபின் மடம் சோதனைச் சாவடி வரும். அதற்கு அப்பால் காடும் மலைச்சரிவும் வளைவுகளும்தான். யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி என்பதால் இருட்டிய பிறகு இந்த வழியில் போகாமல் இருப்பதே நல்லது. உணவுப் பையைச் சன்னலோரம் வைத்தால் குரங்குகள் எடுத்துக்கொண்டு போய்விடும், நாங்கள் வாழைப்பழச் சீப்பு ஒன்றை இழந்தோம்.

வண்டியை நிறுத்தியவுடனேயே ஒருவர் ஓடிவந்து, வரிசையில் நிற்காமல் நேராகப் பரிசலில் ஏற்றிவிடுவதாகவும், மீன் சாப்பாடும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுத்தால் போதும் என்றும் பேசத் தொடங்கினார். அவர் கேட்ட தொகை, பிறகு நாங்கள் உண்மையில் செலவு செய்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பரிசலுக்கான கட்டணம் அரசு நிர்ணயிப்பது. அதைச் சீட்டு வழங்கும் இடத்தில் கட்டி, கையில் சீட்டை வாங்கிக்கொண்டு பரிசல் துறைக்கு இறங்குவதுதான் முறை. வெயிலில் வயதானவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு பேரம் பேசும்போது மனம் தளர்ந்து ஒப்புக்கொண்டுவிடத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தயவுசெய்து பெரியவர்களை நிழலில் அமர்த்திவிட்டு ஒருவர் மட்டும் போய்ச் சீட்டு வாங்குங்கள். அங்கிருந்து சீட்டோடு திரும்ப எங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

எங்களை நான்கு பேர், மூன்று பேர் எனப் பிரித்து இரண்டு பரிசல்களில் ஏற்றினார்கள். உயிர்காப்புச் சட்டை கட்டாயம். அது குவியலாகக் கிடக்கும் இடத்தில் பெரியவர்களுக்கான அளவே கைக்கு முதலில் வரும். ஆறு வயது மகனுக்கு அதை மாட்டியபோது தோளிலிருந்து நழுவிக் காதுவரை ஏறியது. சிறிய அளவு வேண்டும் என்று நாங்கள் விடாமல் கேட்டபோது தேடி எடுத்துத் தந்தார்கள். தொடைக்கு நடுவே வரும் பட்டையும் இடுப்புப் பட்டையும் சரியாக இறுகியிருக்கின்றனவா என்று ஏறுவதற்கு முன் நீங்களே இழுத்துப் பாருங்கள். உயிர்ப்பலி நேர்ந்த பரிசல் விபத்துகள் இந்த ஆற்றில் நடந்திருக்கின்றன என்பதை மறந்துவிட்டு, படம் எடுப்பதற்காகச் சட்டையைக் கழற்றிய ஒரு குடும்பத்தை அன்றே பார்த்தேன், பார்க்கவே பதைத்தது.

பரிசல் என்பது மூங்கில் பத்தைகளைப் பின்னிய ஒரு பெரிய வட்டக் கூடை. முற்காலத்தில் அதன் அடியில் தோலைப் போர்த்தினார்கள், இப்போது தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். தட்டையான அடிப்பகுதி நீரில் சில அங்குலமே அமிழ்வதால், மரப்படகு மோதி உடையக்கூடிய பாறை இடுக்குகளில் இது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. முன்னும் பின்னும் இல்லாத வட்டமாக இருப்பதால் துடுப்பு சற்றுப் பிசகினாலும் சுழன்றுவிடும் என்பதுதான் இதன் சங்கடம். எங்கள் பரிசலை ஓட்டியவர் முன்பக்கம் மண்டியிட்டு, ஒற்றைத் துடுப்பால் நீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துக் கூடையை நேர்கோட்டில் கொண்டு சென்றதைப் பார்த்தபோது, அது எத்தனை ஆண்டுப் பழக்கத்தில் கைவந்த வித்தை என்பது புரிந்தது. ஏறும்போது ஒவ்வொருவராக நடுவில் கால் வைத்து, உடனே குந்தி அமர்ந்து, எதிரெதிராக எடையைச் சமப்படுத்த வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. "அம்மா, விளிம்பைப் பிடிக்காதீங்க, என் தோளைப் பிடிச்சு எறங்குங்க" என்று அவர் தன் தோளைக் கொடுத்த விதத்தில் அம்மாவின் அச்சம் பாதி போய்விட்டது.

துறையை விட்டு நகர்ந்து சிறிது நேரத்திலேயே இரு பக்கமும் பாறைச் சுவர்கள் உயர்ந்துவிடுகின்றன. எதிர்க்கரை கர்நாடகம், நாம் வந்த கரை தமிழ்நாடு, நடுவில் நீரின் மேல் நாம். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, புகையும் கல் என்பதே ஒகேனக்கல் ஆயிற்று என்று படித்திருந்தேன். பாறை இடுக்கின் வளைவு ஒன்றைத் திரும்பியபோதுதான் அந்தப் பெயரின் பொருத்தம் தெரிந்தது. பக்கவாட்டுப் பாறைகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அருவிகள் விழுந்துகொண்டிருக்க, நீர்த்துளிகள் எழும்பி, வெயில் படும் இடமெல்லாம் வெண்புகையாக நின்றன. குற்றாலத்தில் அருவியின் கீழே நின்று தலையைக் கொடுக்கிறோம். இங்கே ஆற்றின் மட்டத்தில் அமர்ந்துகொண்டு, அந்த ஆறே நான்கு பக்கமும் உடைந்து விழுவதை அண்ணாந்து பார்க்கிறோம். கரையிலிருக்கும் பார்வை மேடையிலும் தொங்கு பாலத்திலும் நின்று பார்த்தால் அகலம் தெரிகிறது, ஆனால் இந்த உயரமும் இரைச்சலும் தெரிவதில்லை. அதனால்தான் பரிசல் ஏறாமல் ஒகேனக்கல்லைப் பார்த்துவிட்டதாகச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன்.

அருவிக்கு அருகே சாரலில் முகம் நனையும் அளவுக்குப் போனதும் பிள்ளைகள் பரிசலைச் சுற்றச் சொல்லிக் கேட்டார்கள். பெரும்பாலான பரிசல் ஓட்டிகள் கேட்காமலேயே சுற்றிக் காட்டுவார்கள். தலைச்சுற்றல் உள்ளவர்கள் உடன் இருந்தால் ஏறும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அத்தை கண்களை மூடிக்கொண்டு கைகூப்பியவர், அருவிச் சத்தத்தின் நடுவே ஸ்ரீரங்கத்து ரங்கநாதரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த நீர்தானே அங்கே அம்மா மண்டபத்துக்கு வருகிறது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வழியில் ஓரிடத்தில் மணல்திட்டில் எங்களை இறக்கிவிட்டு, பரிசல் ஓட்டி அந்தப் பெரிய கூடையைக் குடைபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைமேல் நடந்தார். வெயில் ஏறிய மணலில் அந்தச் சுமையோடு அவர் நடந்ததைப் பார்த்தபோது, சவாரியின் முடிவில் அவர் கூடுதலாகக் கொஞ்சம் கேட்டது எனக்குத் தவறாகப் படவில்லை. வெள்ளம் வந்து தடை விதித்துவிட்டால் வாரக்கணக்கில் வருமானம் நின்றுவிடும் என்றும், அந்த நாட்களில் மீன்பிடிப்பும் கிடைக்காது என்றும் அவர் சொன்னார். நமக்குத் தடை என்பது தள்ளிப்போன ஒரு சுற்றுலா, அவருக்கோ அடுப்பு எரியாத நாட்கள். அதே வேளையில், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எந்தெந்த அருவி வரை என்பது ஏறுமுன் எங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நீர்மட்டத்தைப் பொறுத்துப் பாதை மாறும் என்பது நியாயமே. அன்றைய பாதை இதுதான் என்று காலையில் ஒரு பலகையில் எழுதி வைத்துவிட்டால் நடு ஆற்றில் பேரம் எழாது, உழைப்பவருக்கும் மதிப்பாக இருக்கும்.

குளியலுக்கு மெயின் அருவிக்குச் சென்றோம். அங்கே கம்பித் தடுப்புகளுக்குள் நின்று பாதுகாப்பாகக் குளிக்கலாம், ஆண்களும் பெண்களும் தனித்தனியே. அதற்கு முன் எண்ணெய் தேய்த்துக்கொள்வது ஒகேனக்கல்லின் வழக்கம். என் கணவரும் தம்பியும் படிக்கட்டோரம் அமர்ந்து, தலையில் தொடங்கிப் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடும் ஒருவரிடம் உடம்பை ஒப்படைத்தார்கள். மூன்று நாளாகக் கழுத்து பிடித்திருந்த தம்பி, அருவியில் நின்றுவிட்டு வந்தபோது தலையை இரு பக்கமும் தாராளமாகத் திருப்பினான். எண்ணெய்க்கும் கூலிக்கும் தனித்தனியே பேசிக்கொள்ளுங்கள், பழைய துணியை உடுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் வழிந்த பாறையும் படியும் மிகவும் வழுக்கும் என்பதால் முதியவர்களை அந்தப் பக்கம் கைபிடிக்காமல் நடக்கவிடக் கூடாது. எண்ணெய் தேய்க்கும் இடத்தைக் குளிக்கச் செல்லும் வழியிலிருந்து பிரித்து அமைப்பது ஒன்றும் கடினமான காரியம் இல்லை.

பெண்களின் நிலையிலிருந்து சொன்னால் எனக்கு மிகுந்த மனக்குறை ஏற்பட்டது உடை மாற்றும் இடத்தில்தான். நாங்கள் காசு கொடுத்துச் சென்ற அறையில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, தரையில் ஈரத்துணிகளும் ஷாம்பு உறைகளும் கிடந்தன, சேலையை மாற்ற அத்தைக்கு நாங்கள் இருவர் துணி பிடித்து நிற்க வேண்டியிருந்தது. இவ்வளவு தூரம் வந்து அருவியில் கால் நனைக்காமல் கரையிலேயே அமர்ந்திருந்த பல பெண்களைப் பார்த்தேன், காரணம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. உலர்ந்த மாற்றுத்துணி, ஒரு பெரிய போர்வை, கதவில் மாட்ட ஒரு கயிறு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள் என்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆலம்பாடி, முதலைப் பண்ணைப் பகுதிகளில் ஆறு அமைதியாகத் தெரிவதைக் கண்டு சிலர் இறங்கிவிடுகிறார்கள். பாறைக் குழிகளும் சுழலும் மேலே தெரியாது. அனுமதிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

மீன் சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அங்கே உணவகத்தில் அமர்ந்து கேட்பதைவிட, மீன் கடையில் நாமே மீனைத் தேர்ந்தெடுத்து, எடைபோட்டு, சுத்தம் செய்து வாங்கி, அருகிலேயே விறகு அடுப்பு மூட்டிச் சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுப்பதுதான் வழக்கம். நாங்கள் குழம்புக்குக் கெளுத்தியும் வறுவலுக்குக் கட்லாவும் வாங்கினோம். கட்லாவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றையது, அந்தப் பக்கம் இருப்பதை எடுங்கள் என்று சமைக்கும் அம்மாவே கடையில் வந்து எங்களுக்காகப் பேசினார். அம்மியில் அரைத்த மசாலா, புளி சற்றுத் தூக்கலான குழம்பு, ஓரம் முறுகி உள்ளே மென்மையாக இருந்த வறுவல், வடித்த சூடான சோறு. குளித்து எழுந்த பசியும் சேர்ந்துகொள்ள, மீன் முள்ளுக்குப் பயந்து வீட்டில் தொடவே மாட்டேன் என்கிற என் மகன் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கினான். மீன் விலை வேறு, சமையல் கூலி வேறு, அரிசி, எண்ணெய், மசாலா யாருடையது என்பதை முன்கூட்டியே பேசிவிட்டால் பிறகு மனவருத்தம் இருக்காது. எங்களுக்குச் சமைத்தவர் அடுப்பு மூட்டும் முன்பே எல்லாவற்றையும் விரல்விட்டுக் கணக்குச் சொல்லிவிட்டார், சாப்பிட்டு முடித்தபின் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. குழம்பு கொதிக்கும் நேரத்தில் பரிசலுக்குச் சென்றுவிட்டு வரலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். அதைவிடப் பரிசல், குளியல் இரண்டையும் முடித்துவிட்டு வந்து மீன் வாங்குவதே நல்லது, ஆறிய வறுவலுக்கு அந்தச் சுவை இல்லை.

இரவு தங்கிய விடுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறை காற்றோட்டமாக இருந்தது, வெந்நீர் வரவில்லை, அவ்வளவுதான். வார இறுதியாக இருந்தால் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். தர்மபுரியில் தங்கிவிட்டுக் காலையில் வருவதும் வசதியே, இடையில் 46 கிலோமீட்டர்தான்.

மறுநாள் பென்னாகரம், மேச்சேரி வழியாக மேட்டூர் வந்தோம். ஒகேனக்கல்லைக் காண வருபவர்கள் இந்த வழியில் திரும்பினால் பயணம் முழுமை பெறும் என்பது என் எண்ணம். பாறைகளில் அப்படி ஆர்ப்பரித்த நீர், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்குப் பின்னால் அசைவில்லாமல் தேங்கிக் கிடப்பதைப் பார்த்து, இது அதே ஆறுதானா என்று மகன் கேட்டான். அணையின் முழுக் கொள்ளளவு 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி., அதிலிருந்து திறக்கும் நீரை நம்பித்தான் நம் ஊருக்குக் கீழே தஞ்சாவூர் வரைக்கும் நாற்று நடுகிறார்கள் என்று என் கணவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏழு பேரில் மிகவும் தயங்கியவர் என் அம்மாதான். கடைசி நேரத்தில் பரிசல் வேண்டாம், கரையிலேயே இருந்துவிடுகிறேன் என்று இருமுறை சொன்னார். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்: பரிசல் துறைக்கு இறங்கும் படிகள்தான் கடினம், பரிசலில் அமர்ந்துவிட்டால் கால்களை நீட்டிக்கொள்ள இடம் உண்டு. காலை 9 மணிக்குள், வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன் இறக்கிவிடுங்கள், மடித்து வைத்த ஒரு கம்பளியை அமர்வதற்குக் கொண்டு செல்லுங்கள், இறங்கும்போது பரிசலைக் கரையோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அம்மா ஊர் திரும்பியதிலிருந்து, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று தினமும் காலையில் செய்தித்தாளில் அந்தச் சிறு செய்தியைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறார்.